மூட்டு தெரியாமல் கித்தான் ஒட்ட முடியுமா?

கித்தானும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கூடாரம், முன்பந்தல், கார் மெத்தை உறை என்று கடிதங்கள் வரும். இந்த மாதம் வந்த ஒரு கடிதம் என்னை நேராக என் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோய்விட்டது. அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வணக்கம். குடும்பத்தோடு கேம்பிங் போவதற்காக ஒரு சின்ன ட்ரெய்லர் செய்து வருகிறேன். இரும்புச் சட்டத்தின் மேல் 2 அங்குல ஃபோம் பலகைகளை ஒட்டி, கண்ணீர்த்துளி வடிவத்தில் கட்டியிருக்கிறேன். நீளம் 8 அடி, அகலம் 5 அடி. அதன் மேல் பருத்திக் கித்தானை மரப்பசையால் ஒட்டியாகிவிட்டது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. கூரைத்துணியும் பக்கத்துணியும் சேரும் இடத்தை விரலால் தடவினால் படி மாதிரி தட்டுப்படுகிறது. சில இடங்களில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. துணி போதாததால் கூரையின் நடுவில் குறுக்காகவும் ஒரு மூட்டு வந்துவிட்டது. புட்டி வைத்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: தம்பி, புட்டி டப்பாவைத் திறந்திருந்தால் முதலில் மூடி வையுங்கள். பெயிண்ட் அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் சொன்ன மூன்றையும் சரிசெய்யலாம்.

இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் தடுக்கப் போடுகிற கெட்டி பாலிஸ்டைரீன் ஃபோம் பலகையை வெட்டி, ஒட்டி, வண்டிக்கூடு கட்டுகிறார்கள். வெறும் ஃபோம் விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும். அதனால் மேலே பருத்திக் கித்தானைப் பசையில் ஊறவைத்து ஒட்டி, வெளிச்சுவர் பெயிண்டைப் பல பூச்சு அடிக்கிறார்கள். துணி, பசை, பெயிண்ட் மூன்றும் சேர்ந்து ஒரே தோலாகிவிடும். அமெரிக்காவில் இதை ‘ஏழையின் ஃபைபர்கிளாஸ்’ என்கிறார்கள். அடிப்படை புதிதல்ல. மரப்படகின் மேல்தளத்தில் கித்தானை விரித்து ஒட்டிப் பெயிண்ட் அடிப்பது பழைய படகுக்காரர்களின் வழக்கம். துணி போர்த்திய பழைய விமானங்களின் சிறகும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

என் அப்பா பிறையில் லோரிக்குக் கித்தான் தைத்தவர். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ‘கித்தா’ என்றால் ரப்பர், ‘கித்தான்’ என்றால் நம் கடைச் சரக்கு. இந்த ஓர் எழுத்தில் தடுமாறி, ரப்பர் பாய் கேட்டு வந்தவர்களும் உண்டு. நான் 12 வயதில் அவருடைய தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தையல் அல்ல, ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையைப் பார்க்கச் சொன்னார். அத்தாப்பைக் கீழிருந்துதான் வேய்வார்கள். மேல் வரிசை எப்போதும் கீழ் வரிசையின் மேல் ஏறிப் படுத்திருக்கும். மழை வழுக்கிக்கொண்டே கீழே போகும், எந்த ஓரத்திலும் அதற்கு வாசல் கிடையாது. “துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்” என்பார். உங்கள் கடிதத்துக்கும் என் பதில் இதுதான். மூட்டை எப்படி மறைப்பது என்பது இரண்டாவது கேள்வி. மூட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கூரை நடுவில் இருக்கும் குறுக்கு மூட்டின் மேல், வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக உள்ளங்கையை மெதுவாக இழுங்கள். கை படியிலிருந்து இறங்குவதுபோல வழுக்கிப் போனால் நல்லது. விரல் ஓரத்தில் இடித்தால், துணி தப்பான பக்கம் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் மழை பெய்யும்போது, உங்கள் விரல் இடித்த அதே ஓரத்தில்தான் தண்ணீரும் போய் முட்டும். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒருநாள் அந்த ஓரம் வாய் திறக்கும். பக்கத்து மூட்டுகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கூரைத்துணிதான் பக்கத்துணியின் மேல் வந்து படிய வேண்டும். பக்கத்துணி மேலே ஏறிக் கூரைத்துணியை மூடியிருந்தால், அந்த ஓரம் மழைநீரை வாங்கும் கிண்ணம்.

ஆறு வருடங்களுக்கு முன் நானும் என் தம்பியும் சேர்ந்து இதுபோல ஒரு வண்டி கட்டினோம். அவன் இரும்பு வேலை, நான் துணி வேலை. மூட்டுகள் படிபடியாகத் தெரிந்தன. கார் பட்டறையில் பயன்படுத்தும் பாலியஸ்டர் புட்டியை வாங்கி வந்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி செய்தோம். பார்க்க அவ்வளவு அழகு. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி, தெலுக் பஹாங் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், எல்லா மூட்டின் மேலும் தலைமயிர் கனத்தில் விரிசல். ஃபோமும் துணியும் வண்டியோடு சேர்ந்து நெளியும், அந்தப் புட்டி நெளியாது. அதைவிடக் கொடுமை, பசை மெலிதாக விழுந்திருந்த ஓர் இடத்தில் புட்டியில் இருந்த ஸ்டைரீன் துணிக்கு அடியில் போய் ஃபோமையே கரைத்திருந்தது. விரலால் அழுத்தினேன், பழுத்த சிக்குப் பழம் (சப்போட்டா) மாதிரி உள்ளே போனது. அந்தப் பக்கம் முழுவதையும் உரித்து எடுத்தோம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தூக்கி நிற்கும் ஓரங்களிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீரில் கரைக்கும் வெள்ளைப் பசையும் மஞ்சள் மரப்பசையும் பி.வி.ஏ. வகையைச் சேர்ந்தவை. காய்ந்த பிறகும் சூடு பட்டால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். இந்தக் குணம்தான் இப்போது உங்களுக்கு உதவி. தூக்கிய ஓரத்தின் மேல் பேக்கிங் தாளை விரித்து, இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மூன்று நான்கு விநாடி நகர்த்துங்கள். உடனே பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலை அதன் மேல் உருட்டி, துணி ஆறும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். ஒட்ட வைப்பது சூடு அல்ல, ஆறும் நேரத்தில் நீங்கள் கொடுக்கிற அழுத்தம். பெட்டியை நிறுத்திவிட்டால் அடியில் ஃபோம் அமுங்கிவிடும், அதைத் திரும்ப எழுப்ப முடியாது. முதலில் ஒரு துண்டுப் பலகையில் செய்து பார்த்துவிட்டு வண்டிக்கு வாருங்கள். மூன்று தடவை செய்தும் ஓரம் எழுகிறதென்றால் அந்த இடத்தில் பசையே இல்லை என்று அர்த்தம். மருந்துக்கடையில் ஊசி போடும் சிரிஞ்ச் கிடைக்கும். அதில் பசையை எடுத்து உள்ளே விட்டு, அழுத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கனமான ஒன்றை ஒருநாள் முழுக்க வையுங்கள்.

அடுத்தது படி. படி ஏன் வருகிறது தெரியுமா? கைலி மூட்டுகிறபோது இரண்டு முனையையும் உள்ளே மடித்துத் தைக்கிறோம், பிசிறு வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. துணியென்றால் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நம் கைக்குப் பழகிப்போன விஷயம். ஆகவே ஒட்டும்போதும் கத்தரியால் நேராக வெட்டிய ஓரத்தையோ, நெசவிலேயே வருகிற கரையையோ மேலே வைக்கிறோம். சுத்தமாக இருக்கும், ஆனால் சுவர் மாதிரி நிற்கும். இங்கே வேண்டியது நேர் எதிர். ஓரம் பிசிறாக இருக்க வேண்டும். கித்தானின் முனையிலிருந்து ஓரத்துக்கு இணையாக ஓடும் நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டால், ஒரு விரல் அகலத்துக்குக் குஞ்சம் மாதிரி நூல்கள் நிற்கும். பசையில் நனைத்த தூரிகையால் அந்தக் குஞ்சத்தைத் தலை வாருவதுபோலக் கீழ்நோக்கி வாரிவிடுங்கள். நூல்கள் விரிந்து, தனித்தனியாகப் படிந்து, கனம் ஒன்றுமில்லாமல் முடியும். காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே துணி முடிந்தது என்று சொல்ல முடியாது. என் வண்டியின் இரண்டாவது தோலுக்கு இப்படித்தான் செய்தேன். என் அம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, “துணி எங்கே?” என்று கேட்டார்.

நீங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்டதால் நூல் உருவ முடியாது. அதனால் 80ஆம் நம்பர் மணல்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, படியின் விளிம்பை மட்டும் சாய்வாகத் தேயுங்கள். இரண்டு நிமிடத்தில் பஞ்சு மயிர் மாதிரி எழும்பும். பயப்படாதீர்கள், நிறுத்துங்கள். தண்ணீர் கலந்த பசையை அதன் மேல் பூசிக் காயவிட்டால் அந்த மயிர் கெட்டியாகிவிடும். பிறகு 120ஆம் நம்பரால் தேய்த்தால் மாவாக உதிரும். இப்படி இரண்டு மூன்று சுற்று. ஃபோமின் நிறம் துணி வழியே தெரிய ஆரம்பித்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள், அங்கே ஒரு துண்டு ஒட்ட வேண்டியிருக்கும். இதற்குப் பிறகும் லேசான மேடு இருந்தால், உட்சுவருக்குப் பூசுகிற எடை குறைந்த அக்ரிலிக் ஃபில்லரை இரண்டு பக்கமும் நான்கு அங்குல அகலத்துக்கு இழுத்துப் பூசலாம். பழைய பேங்க் கார்டு போதும். அது தண்ணீர் கலந்த சரக்கு, ஃபோமை ஒன்றும் செய்யாது, கொஞ்சம் வளையவும் செய்யும். ஆனால் இது மேட்டைச் சமப்படுத்தத்தான். திறந்த மூட்டை அடைக்க ஃபில்லரை நம்பாதீர்கள்.

குறுக்கு மூட்டு தப்பான பக்கம் பார்த்திருந்தால் அதன் மேல் ஒரு பட்டை ஒட்டுங்கள். துணி போர்த்திய விமானங்களில் எல்லாத் தையலின் மேலும் பட்டை ஒட்டுவார்கள். பட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும். பல் பல்லாக வெட்டினால் நூல் பிரியாது, நேர்கோட்டு ஓரத்தைப்போல ஒரேயடியாக உரிந்தும் வராது. பல் கத்தரி தையல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. மெல்லிய பருத்தித் துணியில் மூன்று அங்குல அகலத்தில் வெட்டி, மூட்டு நடுவில் வரும்படி ஒட்டி, மேலே இரண்டு தடவை பசை பூசுங்கள். பட்டைக்குக் கித்தான் வேண்டாம், கனம் கூடும். நான் எடுத்தது லோரோங் கூலிட் காலைச் சந்தையில் வாங்கிய பழைய பருத்தி மெத்தை விரிப்பு. பல தடவை துவைத்துத் துவைத்து, அதற்கு மேல் சுருங்குவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கூரையும் பக்கமும் சேரும் வளைவில்தான் நிறையப் பேர் மனம் தளர்கிறார்கள். கண்ணீர்த்துளி வடிவத்தில் வெளிப்பக்கம் வளைந்த ஓரத்தில் துணியை மடித்தால், மடிப்பில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தரம் ‘வி’ மாதிரி வெட்டிவிடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஓரத்துக்குத் தனியாக ஒரு பட்டை வெட்டுவது. பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் குறுக்கே, மூலைவாக்கில், 45 பாகையில் வெட்ட வேண்டும். ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பட்டை வெட்டுகிறோமே, அதேதான். மூலைவாக்கில் வெட்டிய துணி இழுபடும், வளைவோடு தானாக வளைந்துகொடுக்கும், ஒரு சுருக்கம் விழாது. ஐந்து அங்குலப் பட்டை, பாதி கூரைமேல், பாதி பக்கத்தில். இதற்கு மேல் அலுமினிய எல் பட்டை வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. மரம் பதிக்காமல் ஃபோமில் திருகு நிற்காது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எல் பட்டைக்கு அடியில் பெயிண்ட் அடிக்கக்கூடிய பியூ (பாலியூரிதேன்) சீலண்ட் போடுங்கள். சிலிக்கன் வேண்டாம். சிலிக்கன் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, பசையும் பிடிக்காது. பிறகு எதைச் செய்தாலும் அந்த இடம் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னும் துணி ஒட்டாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கித்தானை வாங்கியவுடன் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். நெசவில் போட்ட கஞ்சி போக வேண்டும். அது பசையை உள்ளே விடாது, நம் ஊர் ஈரத்தில் பூசணத்துக்கும் தீனி. துணியும் சுருங்க வேண்டியதைச் சுருங்கிக்கொள்ளும். நான் அளந்து பார்த்த ஒரு துண்டில் ஒரு மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் குறைந்தது. ஒட்டிய பிறகு அந்த 6 சென்டிமீட்டர் எங்கே போகும்? மூட்டைத்தான் இழுக்கும். பிறகு இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். பிசிறு வராதே என்று கரையை வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். ஆனால் கரையில் நெசவு நெருக்கம், கனம் அதிகம், நனைந்தால் மற்ற இடத்தைப்போல இழுபடாது, அலை அலையாக நிற்கும். கூரைத்துணியைக் குறுக்கே விரிக்காமல் நீளவாக்கில், முன் பம்பரின் அருகிலிருந்து கூரை ஏறிப் பின்பக்கம் இறங்கும்வரை ஒரே துண்டாகப் போடுங்கள். 8 அடி வண்டிக்கு ஐந்து மீட்டர் வாங்கினால் பெரும்பாலும் போதும். காற்றை எதிர்க்கிற முன்நெற்றியில் ஒரு மூட்டும் வராது.

பசை நான்கு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இது என் அளவு. ஃபோமின் வழவழப்பான மேல்தோலை மணல்தாளால் மங்கலாக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். தண்ணீரைத் தாங்குகிற மரப்பசையாக வாங்குங்கள். டைட்பாண்ட் 2 பலரும் பயன்படுத்துவது, டைட்பாண்ட் 3 இன்னும் அதிகம் தண்ணீர் தாங்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை வேண்டாம், ஈரம் பட்டால் பாலாகிவிடும்.

காயவிடுவதில் பொறுமை வேண்டும். ஃபோம் தண்ணீரைக் குடிக்காது, பசையில் இருக்கிற தண்ணீர் துணி வழியாக மட்டும்தான் வெளியேற முடியும். பினாங்கில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அது இரண்டு மூன்று நாளும் எடுக்கும். வெள்ளைத் திட்டுகள் மறைந்து, துணி முழுக்க ஒரே தேன் நிறத்துக்கு வந்த பிறகுதான் பெயிண்ட். நான் மூட்டின் மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பெயிண்ட் வெளிச்சுவருக்கானது, முதல் பூச்சு தண்ணீர் கலந்து, பிறகு மூன்று பூச்சு கெட்டியாக. மூட்டுகளின் மேல் மட்டும் தூரிகையால் இன்னொன்று.

சாலையில் இறக்குவதற்கு முன் பதிவு, விளக்கு, எடை எல்லாவற்றையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தை வெல்டிங் செய்வதற்கு முன்னாலேயே கேட்பது இன்னும் நல்லது. உள்ளே படுக்கும்போது மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு காற்றுவழி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். அடுப்பை வெளியே மட்டும் பற்றவையுங்கள். இந்த ஃபோம் தீப்பிடிக்கும், கரும்புகை கக்கும்.

கேள்வி: என் ஃபோம் வண்டியில் எல்லாம் நன்றாக ஒட்டியிருந்தது. கரும்பச்சை பெயிண்ட் அடித்தேன். மத்தியானத்தில் மட்டும் கூரையில் கொப்புளம் எழும்புகிறது, சாயங்காலம் அடங்கிவிடுகிறது. ஏன்?
வாசகர், செந்தூல்

பதில்: பெயிண்டின் நிறம்தான் காரணம். பசை சூட்டில் இளகும் என்று மேலே சொன்ன அதே குணம் இங்கே எதிரியாகிவிட்டது. அடர்ந்த நிறம் நம் வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். பசை இளகும், அடியில் அகப்பட்ட காற்று விரிந்து துணியைத் தூக்கும். ஃபோம் பலகையே 75 பாகை செல்சியஸ் வாக்கில் உருமாறத் தொடங்கிவிடும். ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. கொப்புளம் எழுந்து நிற்கும் நேரத்தில் ஒவ்வொன்றையும் பென்சிலால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேடினால் கிடைக்காது. ஆறிய பிறகு கூரிய பிளேடால் சின்னதாகக் கீறி, சிரிஞ்சில் பசை விட்டு, அழுத்தி வையுங்கள். கீறிய இடத்தில் ஒரு மெல்லிய துண்டு. அப்புறம் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். பச்சை மேல் ஆசை இருந்தால் பக்கங்களின் கீழ்ப்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு, நேரடியாக ஃபைபர்கிளாஸ் போட்டுவிடலாமே?
வாசகர், பாயான் பாரு

பதில்: போடலாம், எந்த ரெசின் என்பதைப் பொறுத்து. படகுப் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் இந்த ஃபோமை உங்கள் கண் முன்னாலேயே கரைத்துவிடும். தின்னர், அசிட்டோன், மஞ்சள் கான்டாக்ட் பசை எல்லாமே அப்படித்தான். ஒரு துண்டுப் பலகையில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், பார்த்தால் மறக்க மாட்டீர்கள். எபாக்ஸி ரெசின் ஃபோமைக் கரைக்காது, கித்தானைவிட வலுவும் அதிகம். விலையும் அதிகம், தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. வண்டியை மழையில் நிரந்தரமாக நிறுத்தி வைப்பவர்களுக்கு எபாக்ஸியைத்தான் சொல்வேன். வீட்டுக் கூரையடியில் நிறுத்தி, மாதம் ஒரு முறை எடுப்பவர்களுக்குக் கித்தான் தாராளம். பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு செய்யலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம். என் தம்பி மகள் நூல் உருவிக் கொடுத்துதான் எங்கள் வண்டி முடிந்தது.

கேள்வி: பெயிண்டுக்கு அடியில் மூட்டு ஓரமாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம்மா. அது பூசணம். பருத்தியும் ஈரமும் சேர்ந்திருக்கிற இடத்தில் வளர்கிறது. மேலே மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். புள்ளிகள் எந்த மூட்டு ஓரமாக வரிசை கட்டியிருக்கின்றனவோ அந்த மூட்டில்தான் தண்ணீர் இறங்குகிறது. அந்த வரிசையை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் வாசல் கிடைக்கும், ஜன்னல் சட்டத்தின் மேல்மூலையாகவே பெரும்பாலும் இருக்கும். பெயிண்டைச் சுரண்டி, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரோக்ஸ் பிளீச் கலந்து துடைத்து, கால் மணி நேரம் கழித்துச் சுத்தமான தண்ணீரால் துடையுங்கள். காடியையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். மின்விசிறி வைத்து நான்கு நாள் காயவிட்டு, துணி பலமாக இருக்கிறதா என்று நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துணி ஒட்ட வேண்டும், ஓரத்தில் குஞ்சம் உருவி.

கேள்வி: துணிகளை முதலில் மிஷினில் தைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு ஒரே துணியாக ஃபோமில் ஒட்டினால் மூட்டு உறுதியாக இருக்காதா? அதே தையலை முன்பந்தலுக்கும் போடலாமா?
வாசகி, கெப்போங்

பதில்: முன்பந்தலுக்குப் போடுங்கள், ஃபோமுக்கு வேண்டாம். தைத்த மூட்டில் துணி இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று தடித்துவிடும். ஃபோமின் மேல் அது கயிறு மாதிரி மேடாக நிற்கும், எந்த மணல்தாளுக்கும் அடங்காது. ஒட்டு வேலையில் துணியின் ஒவ்வொரு அங்குலத்தையும் பசையும் பலகையும் தாங்குகின்றன, தையலுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முன்பந்தல் காற்றில் தொங்குவது, அங்கே முழுப் பாரமும் தையல் மேல்தான். ஒரு துணியின் ஓரத்தை மற்றதன் ஓரத்துக்குள் கொக்கி போல மடித்துப் பூட்டி, இரண்டு வரிசை தையல் போடுங்கள். மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அத்தாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் நனைந்ததும் ஊதி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும், அது நல்ல குணம்தான், ஆனால் நம் ஈரத்தில் சீக்கிரம் மட்கிவிடும். உள்ளே பாலியஸ்டரும் வெளியே பருத்தியுமாகச் சுற்றிய நூல் கிடைத்தால் இரண்டு குணமும் ஒன்றில் கிடைக்கும். 18ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம்போலத் துளை விழுந்து, பலத்த காற்றில் அந்த வரிசையிலேயே கிழியும். தைத்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை மூட்டின் மேல் ஊற்றி, அடியில் நின்று பாருங்கள். முதல் தடவை இரண்டு மூன்று சொட்டு வரும். நனைந்து காய்ந்த பிறகு இரண்டாவது தடவை ஊற்றியும் சொட்டினால் மெழுகுக் கட்டியைத் தையல் மேல் தேய்த்து, முடி காயவைக்கும் மிஷினால் சூடு காட்டுங்கள்.